வங்கி முறிந்தால் அரசு வருமா? கண்டிச் சீமையின் அனுபவம்

1884ஆம் ஆண்டு மே 3ஆம் திகதி, சனிக்கிழமை. ஒரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் லண்டனில் கதவை மூடியது. கொழும்பிலும் கண்டியிலும் கிளை வைத்திருந்த வங்கி அது. இலங்கையில் அன்று புழங்கிய கடதாசிக் காசில் பெரும்பகுதி அதன் பெயரில்தான் அச்சாகியிருந்தது. வங்கி மூடியதும், கண்டிக் கடைவீதியில் ஒரு வியாபாரியின் பெட்டிக்குள் இருந்த ஐந்து ரூபாய்த் தாளுக்கு என்ன பெறுமதி என்று எவராலும் சொல்ல முடியாமல் போனது.

இன்று நாம் கையில் வைத்திருக்கும் நோட்டு அரசின் பொறுப்பில் வெளிவருவது. அன்றைய நோட்டு அப்படியல்ல. ஒரு தனியார் வங்கி, “இதைக் கொண்டுவந்தால் இவ்வளவு காசு எண்ணித் தருகிறேன்” என்று எழுதிக் கொடுத்த கடன்சீட்டுதான் அது. வங்கி நிற்கும்வரை அது காசு; வங்கி விழுந்தால் வெறும் காகிதம். வங்கியில் கணக்கே இல்லாதவரும் அந்த வங்கிக்குக் கடன் கொடுத்தவராக இருந்தார். அரிசிக்கடைக்காரர், வண்டிக்காரர், சம்பளமாக நோட்டு வாங்கிய தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எல்லாரும் தமக்குத் தெரியாமலே அந்த வங்கிக்குக் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் இருந்தார்கள்.

அந்த வங்கி ஏன் விழுந்தது என்பதற்கான விடையில் பெரும்பங்கு கண்டி மலைகளில்தான் இருக்கிறது.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன பத்து ஆண்டுகளுக்குள் மலைச்சரிவுகளில் கோப்பி ஏறத் தொடங்கியது. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் பயிரிட்டார். பேராதனைக்கு எதிர்ப்புறம் கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தாமே தோட்டம் போட்டார். கொழும்பு – கண்டி வீதி திறந்ததும் காடுகள் மளமளவென்று அழிந்தன. தோட்டம் போட முதல் வேண்டும். காடு வெட்டிக் கன்று நட்டபின் காய்க்கும்வரை சில வருடங்கள் செலவு மட்டுமே, வரவு கிடையாது. அந்த இடைவெளியில்தான் வங்கிகள் வந்து உட்கார்ந்தன.

1841இல் ‘இலங்கை வங்கி’ என்ற பெயரில் ஒரு தனியார் வங்கி திறக்கப்பட்டது. 1847இல் கோப்பி விலை சரிந்தபோது அதுவும் சேர்ந்து சரிந்தது. அதை 1849இல் வாங்கிக்கொண்டதுதான் பம்பாயில் பிறந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்திருந்த ஒரியண்டல் வங்கி. 1851இல் அரச சாசனம் பெற்று, அடுத்த முப்பது வருடங்களுக்குக் கிழக்குலகின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்றாக அது விளங்கியது. ஒரு முறிவின் சாம்பலில் முளைத்த இந்த வங்கியும் அதே பயிரையே நம்பிக் கடன் கொடுத்தது. அறுவடைக்கு முன்பே அறுவடையின் மேல் கடன். தோட்டத்தை அடமானம் வைத்து மேலும் கடன். விலை நன்றாக இருந்த காலத்தில் இது எல்லாருக்கும் இலாபமாகவே தெரிந்தது. 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது. 1870இல் கோப்பி ஏற்றுமதி பத்து இலட்சம் ஹண்டர்வெயிட்டைத் தாண்டியது.

அதற்கு முந்தின ஆண்டே அழிவு தொடங்கிவிட்டிருந்தது. 1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஒரு தூள் தோன்றியது. விரலால் தடவினால் துரு போல ஒட்டிக்கொள்ளும். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அது புதியதொரு பூஞ்சணம் என்று கண்டறிந்து ஹெமிலெயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். பொட்டு விழுந்த இலை உதிரும். இலை இழந்த செடி காய்க்காது. காற்றோடு தூள் மலை மலையாகத் தாவியது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் பேராதனைக்கு அனுப்பப்பட்டார். இரண்டு வருடம் ஆராய்ந்து நோய் பரவும் விதத்தைத் தெளிவாக எழுதிக் கொடுத்தார். ஆனால் மருந்து கிடைக்கவில்லை. இருபது வருடங்களில் ஏற்றுமதி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

ஆரம்பத்தில் தோட்டத்துரைமார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகச் சந்தையில் கோப்பி விலை உயர்ந்திருந்ததால், விளைச்சல் குறைந்தாலும் வருமானம் குறையவில்லை. நோய் பரவிக்கொண்டிருந்த அதே 1870களில்தான் புதிய காடுகளும் வெட்டப்பட்டன, புதிய கடன்களும் கொடுக்கப்பட்டன. விலையும் விழுந்தபோது, அடமானமாக வாங்கிய தோட்டங்களை வாங்க ஆளில்லாமல் வங்கி நின்றது. மொரீசியசில் கரும்பை நம்பிக் கொடுத்த கடனிலும் அதே கதி. இந்த இரண்டு தீவுகளின் சுமை அந்த வங்கியை வீழ்த்திய காரணங்களில் முதன்மையானது.

அன்றைய ஆளுநர் சேர் ஆதர் கோர்டன் இலங்கைக்கு வந்து அரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வங்கியின் நோட்டுகள் செல்லாது என்றால் கொழும்பிலும் கண்டியிலும் வியாபாரம் ஒரே நாளில் நின்றுவிடும் என்பது அவருக்குப் புரிந்தது. லண்டனில் இருந்த குடியேற்ற நாடுகள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. ஒரியண்டல் வங்கியின் நோட்டுகளுக்கு இலங்கை அரசே பொறுப்பு என்று காலம் தாழ்த்தாமல் அறிவித்தார். அரசாங்கம் முன்பின் செய்திராத காரியம் அது. வெறும் காகிதமாகப் போகவிருந்த தாள் மறுபடி காசானது. பீதி அடங்கியது.

அந்த அறிவிப்பு யாரைக் காப்பாற்றியது, யாரைக் காப்பாற்றவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நோட்டு வைத்திருந்தவர் காப்பாற்றப்பட்டார். வங்கியில் பணம் வைப்பில் இட்டிருந்தவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. வங்கியின் சொத்துகளை விற்றுத் தீர்க்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய வங்கியின் எச்சத்திலிருந்து ‘நியூ ஒரியண்டல் வங்கி’ என்ற பெயரில் தனியார் ஒன்றை உடனே எழுப்பினார்கள். அது எட்டே வருடம் நின்று 1892இல் முறிந்தது.

அரசு எழுப்பியது நிலைத்தது. 1884ஆம் ஆண்டின் கடதாசி நாணயச் சட்டத்தின்படி நாணய ஆணையாளர் சபை ஒன்று அமைந்தது. 1885இல் அரசாங்கத்தின் சொந்த நோட்டுகள் வெளிவந்தன. தனியார் வங்கிகள் நோட்டு அடிக்கும் வழக்கம் அத்தோடு முடிவுக்கு வந்தது. அதே 1885இல் தபாற்கந்தோர் சேமிப்பு வங்கியும் தொடங்கியது. சிறுசேமிப்பு வைக்க விரும்பியவருக்கு, அரசின் பொறுப்பில் இன்னொரு இடம் கிடைத்தது. நாணய ஆணையாளர் சபையின் வேலை 1950இல் மத்திய வங்கி திறக்கும்வரை தொடர்ந்தது. இன்று இலங்கையர் கையில் புழங்கும் அரச நோட்டின் வம்சாவளி, கண்டி மலையின் கோப்பி இலையில் விழுந்த அந்தச் செம்மஞ்சள் பொட்டில் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையில்லை.

இந்தக் கதையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் கையில் நோட்டும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை.

மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து மன்னார்க் கரைக்கு வந்து, காட்டுப்பாதையில் மாத்தளை வரை நடந்து கோப்பித் தோட்ட வேலைக்காக, கண்டிச் சீமை என்று தாம் அழைத்த மலைநாட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் இறந்தவர்களுக்குக் கணக்கு வைத்தவர் இல்லை. கோப்பித் தோட்டத்துச் சம்பளம் மாதாமாதம் கைக்கு வந்த சம்பளமல்ல. பல மாதம் நிலுவையில் நின்று, அறுவடை முடிந்து துரைக்குக் கொழும்பு முகவர் கம்பனி பணம் அனுப்பும்போதுதான் கணக்குத் தீர்க்கப்படும். அந்தக் கம்பனிக்கு வங்கி கொடுக்க வேண்டும். வங்கிக்கு லண்டன் கொடுக்க வேண்டும். சங்கிலியின் மேல்முனையில் ஒரு கண்ணி அறுந்தால், கீழ்முனையில் கைக்குழந்தையோடு லயம் எனும் தோட்ட வரிசை வீட்டில் இருந்த பெண்ணின் ஆறு மாத உழைப்பு போயிற்று. துரை தோட்டத்தைக் கைவிட்டுப் போய்விட்டால் யாரிடம் கேட்பது? தோட்டம் அடமானம் பிடித்தவனுக்குச் சேரும். கூலி வரிசையில் கடைசியில் நிற்கும்.

நிலுவைச் சம்பளத்தின் கொடுமை அரசாங்கத்துக்கும் எட்டியது. அதே 1884இல், தொழிலாளரின் சம்பளம் தோட்டத்தின் மேல் முதல் உரிமையுள்ள கடன் என்று சட்டம் வந்தது. அடமானக்காரருக்கு முன்பாகக் கூலிக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்பது பெரிய மாற்றம்தான். ஆனால் அந்த உரிமை சில மாதச் சம்பளத்துக்கு மட்டுமே. மாதாமாதம் கணக்குத் தீர்க்க வேண்டும், அதுவும் மாதம் முடிந்து அறுபது நாளுக்குள் என்று சட்டம் கட்டாயப்படுத்த 1889ஆம் ஆண்டாகியது.

தொழிலாளர் கையில் வேறொரு கடதாசி இருந்தது. அதன் பெயர் துண்டு. ஊரிலிருந்து அழைத்து வந்த செலவு, முற்பணம், அரிசி என்று, ஆட்களைத் திரட்டிவந்த பெரிய கங்காணி எழுதி வைத்த கடன் எல்லாம் சேர்ந்து, “இவ்வளவு தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன்” என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வேறு தோட்டத்துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆள் மாறும், கடன் மாறாது. பல சமயம் கூடவே செய்யும். கோப்பி போய்த் தேயிலை வந்து, ஆட்களுக்குப் போட்டி மிகுந்த காலத்தில் துண்டின் தொகை ஏறிக்கொண்டே போனது. வங்கியின் தாளுக்கு அரசு உடனடியாகப் பொறுப்பேற்றது. தொழிலாளியைக் கட்டி வைத்த இந்தத் தாளை அரசு ஒழிக்க 1921 வரை ஆனது.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்ததும் கண்டியைச் சுற்றித்தான். ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். முறிவுக்குப் பிறகு எல்லாரும் அவரைப் பார்த்துப் படித்தார்கள். 1888இல் ஹற்றனில் பாங்ஸ், அட்கின் என்ற இருவர் தோட்டக்காரருக்கென்று ஒரு சிறு வங்கி திறந்தார்கள். இன்றைய ஹற்றன் நஷனல் வங்கியின் வேர் அது.

கண்டி நகர வியாபாரிக்கு மட்டும் பெரிய வங்கியின் வாசல் எளிதில் திறக்கவில்லை. வெள்ளைக்காரர் வங்கி உள்ளூர் ஆளுக்கு நேரே கடன் கொடுப்பது அரிது. வங்கிக்குள் சராப்பு என்ற தரகர் ஒருவர் இருப்பார். அவர் உத்தரவாதம் சொன்னால்தான் கடன். அந்தக் கடன் பெரும்பாலும் நாட்டுக்கோட்டைச் செட்டியாருக்குப் போகும். அவர் அதற்குமேல் வட்டி வைத்துக் கடைக்காரருக்கும் நிலக்காரருக்கும் கொடுப்பார். 1925இல் பெரிய செட்டியார் நிறுவனம் ஒன்று முறிந்தது. வங்கிகள் செட்டியார்களுக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கிக்கொண்டன. சங்கிலி மறுபடி அறுந்தது; இந்த முறை அடிபட்டது உள்ளூர் வியாபாரம்.

சென்னையிலும் இதே மாதிரி ஒரு நாள் வந்திருக்கிறது. 1906இல் அர்புத்நாட் என்ற வங்கிக் கம்பனி திவாலானபோது தென்னாட்டுக் குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது. அதன் சூட்டில் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். அங்கே அரசு ஒதுங்கி நின்றது. ஊரார் தம் பணத்தைப் போட்டு வங்கி எழுப்பினார்கள். இலங்கையில் அரசைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது. அதன் வழியாக 1939 ஆகஸ்டில் அரச ஆதரவோடு இலங்கை வங்கி திறக்கப்பட்டது. 1840களில் முறிந்த அந்தத் தனியார் வங்கியின் அதே பெயர். கொழும்புக்கு வெளியே அதன் முதற்கிளை 1941இல் கண்டியில் திறந்தது. 1961இல் அது முழுமையாக அரசுடைமையானது.

அதன்பிறகும் அரசு வங்கி எழுப்பிக்கொண்டும் கலைத்துக்கொண்டும்தான் இருக்கிறது. கிராமத்துக்குக் கடன் கொண்டுபோக 1985 முதல் மாவட்டந்தோறும் பிராந்திய கிராமிய அபிவிருத்தி வங்கிகள் திறந்தன. அவற்றில் பல நட்டத்தில் தள்ளாடின. 1990களின் பிற்பகுதியில் பதினேழையும் சேர்த்து ஆறாக்கினார்கள். மலைநாட்டுக்குக் கிடைத்தது கந்துரட்ட அபிவிருத்தி வங்கி. அதற்கும் ஆயுள் நீளவில்லை. 2010இல் ஆறும் ஒன்றாகிப் பிரதேச அபிவிருத்தி வங்கி ஆனது.

முறிந்த வங்கிக்குப் பதிலாகவே அரசு எழுப்பிய வங்கி என்றால் அது இலங்கை சேமிப்பு வங்கி. 1997இல் தொடங்கிய பிரமுக சேமிப்பு மற்றும் அபிவிருத்தி வங்கி என்ற தனியார் வங்கி, வசூலாகாத கடன்களில் மூழ்கியது. 2002 அக்டோபரில் மத்திய வங்கி அதன் நடவடிக்கைகளை நிறுத்தியது. டிசம்பரில் உரிமத்தை இரத்துச் செய்தது. ஆயிரக்கணக்கானவரின் வைப்புப் பணம் உள்ளே மாட்டிக்கொண்டது. ஓய்வூதியப் பணத்தைக் கொஞ்சம் கூடுதல் வட்டிக்காக வைத்தவர்கள், மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்கள் என்று சாதாரணக் குடும்பங்களே இப்படியான முறிவுகளில் அடிபடுகின்றன. வைப்பாளர்கள் நீதிமன்றம் ஏறினார்கள், கூட்டம் கூடினார்கள், மனுப் போட்டார்கள்.

2006இல்தான் அரசு இலங்கை சேமிப்பு வங்கியை நிறுவியது. பிரமுக வங்கியின் சொத்தும் பொறுப்பும் அதன் தலையில் ஏறின. புதிய வங்கி என்றாலும் அதன் முதல் வேலை பழைய கணக்கைத் தீர்ப்பதுதான்: பழைய கடன்களை வசூலிப்பது, பழைய வைப்பாளர்களுக்குக் கட்டம் கட்டமாகக் கொடுப்பது. பிற்பாடு தேசிய அபிவிருத்தி நம்பிக்கை நிதியமும் அதனோடு சேர்க்கப்பட்டு, நுண்கடன் நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கும் வேலையும் வந்தது. ஆனாலும் மக்கள் தேடிப் போகும் வங்கியாக அது வளரவில்லை. 2019இல் தேசிய சேமிப்பு வங்கி அதை முழுமையாக வாங்கித் தன்கீழ் வைத்துக்கொண்டது. பதின்மூன்று வருடங்களில் அதன் தனி வாழ்வு முடிந்தது. அதை விழுங்கிய தேசிய சேமிப்பு வங்கி, 1832இன் பழைய இலங்கைச் சேமிப்பு வங்கியையும் (பெயர் ஒன்றானாலும் அது வேறு) 1885இன் தபாற்கந்தோர் சேமிப்பு வங்கியையும் சேர்த்து 1970களின் தொடக்கத்தில் உருவானது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இலங்கை சேமிப்பு வங்கியின் ஆயுள் குறுகியது என்பதற்காக அதைத் தோல்வி என்று எழுதிவிடக்கூடாது. பழைய கணக்கைத் தீர்ப்பதற்கென்று பிறந்த வங்கி, அந்த வேலை முடியும் தறுவாயில் பெரிய வங்கியோடு சேர்வது இயல்பே. குறை வேறிடத்தில் இருக்கிறது. 1884இல் ஒரு குடியேற்ற ஆளுநர், சட்டமோ நிதியமோ கையில் இல்லாத நிலையிலும் தயங்காமல் முடிவெடுத்தார். 2002இல் மத்திய வங்கியும் வங்கிச் சட்டமும் இருந்த சுதந்திர நாட்டில், வைப்பாளருக்குப் பதில் சொல்லும் ஒரு நிறுவனம் எழ நான்கு வருடம் பிடித்தது. கோர்டன் காலத்து அறிவிப்பின் பலம் அதன் வேகத்தில் இருந்தது. அதன் பலவீனம், நோட்டுக்காரரோடு அது நின்றுவிட்டதில் இருந்தது. வைப்பாளரும் சம்பளக்காரரும் அதற்கு வெளியே நின்றார்கள்.

வைப்பாளருக்கான காப்பு இலங்கையில் மிகத் தாமதமாகத்தான் வந்தது. 2010 அக்டோபரில் கட்டாய வைப்புக் காப்புறுதித் திட்டம் தொடங்கியபோது ஒருவருக்கு உச்ச இழப்பீடு 2 இலட்சம் ரூபாய். பின் படிப்படியாக உயர்ந்து 2021இல் 11 இலட்சமானது. 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனி என்ற நிதி நிறுவனத்தின் உரிமம் இரத்தானபோது, அன்றைய உச்சமான 6 இலட்சம் வரை வைப்பாளர்களுக்குக் கொடுக்க இந்த நிதி இருந்தது. பிரமுக வைப்பாளர்களுக்கு அப்படி ஒரு கதவு இருக்கவில்லை.

இந்தக் காப்பு மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் மட்டுமே. கண்டி நகரிலும் தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைத் தோட்டங்களிலும் சீட்டுப் பிடிக்கும் குடும்பங்களுக்கும், அதிக வட்டி என்ற பேச்சை நம்பி உரிமமில்லாத ஆட்களிடம் பணம் கொடுப்பவர்களுக்கும் அது எட்டாது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. அந்தப் பட்டியல் தமிழில், தோட்டத்துக் கூட்டுறவுக் கடையின் சுவரிலும் தபாற்கந்தோர் வாசலிலும் ஒட்டப்பட வேண்டும். பணம் கொடுக்குமுன் அதில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் லயம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும்.